சீனத்துக்குப் போகும் கால்கள்

ஆலையில் எந்தக் கூட்டமானாலும் போடில் என்கிறவள் காபிக் குடுவைக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த இடம் மாறியதில்லை. "நீ என்ன சொல்ற, போடில்?" என்று யாராவது கேட்கப்போகிற மாதிரி தெரிந்தால் போதும், எழுந்து கோப்பைகளை நிரப்ப ஆரம்பித்துவிடுவாள். காபி ஊற்றுகிறவளிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. வாய்தான் மூடியிருக்குமே தவிர கண் ஓயாது. யார் யாருடைய முகத்தைப் பார்க்காமல் பேசுகிறார்கள், யார் ஆமாம் சொல்லிக்கொண்டே மேஜைக்கு அடியில் கையைப் பிசைகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

அப்படி அவள் காபி ஊற்றிக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் அவளைத் தன் பிரிவுத் தொழிலாளர்களின் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். யாருக்கும் அந்த வேலை வேண்டாம். "போடில் இருக்காளே" என்றான் கூட வேலை செய்கிற ஐனர். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாக் கைகளும் மேலே இருந்தன.

ஸ்டோர்பெக்கில் பன்றி இறைச்சி ஆலையை விட்டால் வேறு பிழைப்பில்லை. டேனிஷ் நாட்டு ஜூட்லாந்தின் மேற்குக் கரை, மரமெல்லாம் காற்றுக்குச் சாய்ந்து வளர்கிற ஊர். போடிலின் அம்மா அந்த ஆலையில் பேக்கன் என்கிற உப்பிட்ட இறைச்சிப் பிரிவில் இருந்தாள். அந்தக் காலத்தில் இங்கிலாந்துதான் ஊருக்குக் கடவுள். இங்கிலாந்துக்காரன் காலையில் எட்டு மணிக்குத் தட்டில் பேக்கன் வைத்துச் சாப்பிடுவான் என்பதற்காக இந்த ஊர் நாலு மணிக்கு எழுந்தது. அவன் தட்டுக்கு ஏற்ற நீளத்தில் பன்றிகளே வளர்க்கப்பட்டன. கப்பல் நாளில் ஈஸ்டர் வந்தால் ஈஸ்டர்தான் தள்ளிப்போகும். "லண்டன்ல ஒருத்தன் தும்முனா நமக்குச் சளி பிடிக்கும்" என்பாள் அம்மா.

போடில் பதினாலு வயதில் பள்ளியை விட்டாள். முதலில் தரை கழுவினாள், பிறகு பெட்டி மடித்தாள், அதற்குப் பிறகு கத்தி பிடித்தாள். பன்றியின் கால்களை அப்போதெல்லாம் யாரும் பொருட்டாக மதிப்பதில்லை. வெட்டினால் ஒரு தொட்டியில் விழும். அரைத்து, தோலுக்காக வளர்க்கிற விலங்குகளுக்குத் தீனியாக அனுப்பிவிடுவார்கள். கிழக்கே யாரோ அதை விரும்பிச் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வருடம் செய்தி வந்தது. ஆலையின் கோடியில், குளிர் அறைக்குப் பின்னால், கால் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஃபோர்மேனிடம் வாய் கொடுத்தவர்களை அங்கே தள்ளுவது வழக்கம். போடில் மட்டும் தானாகக் கேட்டுப் போனாள். மூலை, சத்தம் குறைவு, யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அவளுக்குச் சொர்க்கம்.

மூலை மெல்ல மெல்லப் பெருத்தது. காலோடு காதும் சேர்ந்தது, அப்புறம் வாலும் சேர்ந்தது. இங்கிலாந்துக்குப் போகிற லாரிகள் குறைந்து, சீன எழுத்து ஒட்டிய கண்டெய்னர்கள் வாசலில் வரிசை கட்டின. பேக்கன் பிரிவில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிய வருடம், கால் பிரிவில் எழுபது பேர் நின்றார்கள். முன்பு கேலி பேசியவர்கள் இடம் கேட்டு வந்தார்கள். ஐனரும் அப்படி வந்தவன்தான். இருபது வருடம் பேக்கன் வெட்டிய கை. "கடைசியில என்னையும் குளம்பு சுரண்ட விட்டுட்டாங்க" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

இனிச் சொல்வது நடந்து பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். அதுவரை கால்கள் ஹாங்காங் தரகர்கள் வழியாகப் போய்க்கொண்டிருந்தன. தென்சீனத்துப் பெரிய நிறுவனம் ஒன்று, தரகரை விட்டுவிட்டு நேராகவே வாங்கிக்கொள்கிறோம், ஆனால் ஒரே ஒரு ஆலையிடம்தான் வாங்குவோம் என்று சொன்னது. இரண்டு ஆலைகளைப் பார்க்க ஆள் வருவதாகச் செய்தி வந்தது. ஒன்று ஸ்டோர்பெக், இன்னொன்று தெற்கே ஜெர்மனிக்காரர்களுடையது. ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் வசந்தத்தோடு கால் பிரிவை மூடிவிடுவோம் என்று தலைமை அலுவலகம் ஒளிவுமறைவில்லாமல் எழுதிவிட்டது. எழுபது பேருக்கும் அந்த ஊரில் வேறு வேலை கிடையாது.

வந்தவர்கள் இரண்டு பேர். ஓயாங் என்கிற அம்மாள், ஐம்பது வயதுக்கு மேல், குட்டையான உருவம், சாம்பல் நிறக் கோட்டு. அவளோடு லுவோ என்கிற மொழிபெயர்ப்பாளர். ஆர்ஹுஸ் நகரத்தில் பல வருடம் இருந்தவர், டேனிஷ் மொழியை ஊர்க்காரர்களைவிடச் சுத்தமாகப் பேசுவார். ஓயாங் ஆலை முழுவதும் நடந்தாள். கால்களைக் கையில் எடுத்து, விரல் இடுக்கைப் பிரித்துப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மதியம் கான்டீனுக்கு அழைத்துப்போனார்கள். இந்த ஊரில் ஆலை மேலாளரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், நீ வா போ என்றுதான். மேலாளர் பிரெபனும் மற்றவர்களைப் போலத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றான். விருந்தாளிகள் முன்னால், அவன் பின்னால், அவனுக்கும் பின்னால் ரத்தக்கறை ஏப்ரனோடு ஐனர். கறுப்பு ரொட்டி, ஈரல் விழுது, ஊறவைத்த மீன், வெள்ளரிக்காய். எல்லாம் சில்லென்று. இங்கே மதியச் சாப்பாடு அப்படித்தான். மேஜைக்குத் தலைப்பக்கம் என்று எதுவும் கிடையாது, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். பிரெபன் தன் கையாலேயே தண்ணீர் ஜாடி கொண்டுவந்து வைத்தான். மரியாதை எல்லாம் குறைவில்லாமல் நடக்கிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

சாப்பிட்டு முடித்த பிறகு ஓயாங் ஏதோ கேட்டாள். லுவோ சொன்னார்: "மேடம் கேக்குறாங்க, உங்க சரக்கு எப்படின்னு நீங்களே சொல்லுங்க. இதுதான் உங்ககிட்ட இருக்கறதுலயே சிறந்ததா?"

பிரெபன் கழுத்தைச் சொறிந்தான். "மோசம்னு சொல்ல முடியாது."

ஐனர் ரொட்டியை மென்றுகொண்டே, "இதைவிடக் கேவலமா நெறைய பாத்திருக்கேன்" என்றான்.

ஓயாங் போடிலைப் பார்த்தாள். போடில் காபிக் குடுவையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "பரவாயில்ல" என்று கோப்பையைப் பார்த்துச் சொன்னாள்.

அந்த மூன்று பேரும் அன்று தங்கள் வாழ்நாளிலேயே அதிகமாகப் புகழ்ந்திருந்தார்கள். ஸ்டோர்பெக்கில் தன் பொருளைத் தானே நல்லது என்று சொல்கிறவன் ஏமாற்றுக்காரன். சொந்தப் பிள்ளையைப் புகழ்கிற தாயைப் பார்த்து ஊர் முகம் சுளிக்கும். போடிலின் புருஷன் வெர்னர் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டபோது, "நாம ஒண்ணா இருந்தா அவ்வளவு கெட்டதா இருக்காதுன்னு தோணுது" என்றுதான் கேட்டான். அதைக் கேட்டு அவளுக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

லுவோ ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தார். ஓயாங் தலையாட்டிவிட்டுக் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். காபியைத் தொடவேயில்லை.

மறுநாள் பிற்பகல் பிரெபன் கால் பிரிவுக்கு வந்தான். கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றான்.

"போச்சு. நாளைக்குக் காலையில ஜெர்மனிக்குக் கெளம்புறாங்களாம். செய்யறவங்களுக்கே நம்பிக்கை இல்லாத சரக்கை நாங்க எப்படி வாங்கறதுன்னு லுவோ ஃபோன்ல சொல்றாரு."

"நம்பிக்கை இல்லன்னு யாரு சொன்னா?" என்றான் ஐனர்.

"நீதான். கேவலமா நெறைய பாத்திருக்கேன்னு சொன்னியே."

"அது பாராட்டுடா!"

"எனக்குத் தெரியும். அந்தம்மாவுக்குத் தெரியணுமே. போதாததுக்கு முதலாளி யாரும் வந்து பாக்கலன்னு வேற வருத்தமாம்."

"நீ எங்க போயிருந்த?"

"அவங்க பின்னாடிதான்யா தட்டைத் தூக்கிட்டு நின்னேன்!"

யாரும் சிரிக்கவில்லை. பிரெபன் தரையைப் பார்த்தான். "என்ன பண்றது. போய்க் கால்ல விழ முடியுமா? நம்ம வழக்கம் அது இல்ல."

போடில் கத்தியைத் துடைத்து உறையில் போட்டாள். கால்கள் நகர்ந்து வரும் பட்டையின் இரண்டு பக்கமும் நின்றவர்களை ஒருமுறை பார்த்தாள். போலந்திலிருந்து வந்து இங்கேயே வீடு வாங்கிவிட்ட ஹலினா பொத்தானை அழுத்திப் பட்டையை நிறுத்தியிருந்தாள். அவள் அப்படி நிறுத்தி போடில் பார்த்ததில்லை.

"எந்த ஓட்டல்ல இருக்காங்க?" என்று போடில் கேட்டாள்.

"துறைமுகத்துப் பக்கம் இருக்கறது. எதுக்கு?"

"காலையில போயிட்டு வரேன்."

"நீயா?" என்றான் ஐனர். "போய் என்ன பண்ணுவ, காபி ஊத்துவியா?"

"தேவைப்பட்டா ஊத்துவேன்" என்றாள் போடில்.

மறுநாள் காலை வெர்னர் காரில் கொண்டுபோய் விட்டான். "நானும் வரட்டுமா?" என்றான். "வேணாம், நீ இருந்தா நான் உன் பக்கம் திரும்பிடுவேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டிருந்தாள்.

ஓயாங் சன்னலோரம் உட்கார்ந்து ஒரு அவித்த முட்டையை நம்பிக்கையில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரில் லுவோ. போடில் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். உட்காரச் சொல்லும்வரை நின்றாள். பிறகு, நடுவில் நிறுத்தினால் வாய் மூடிக்கொள்ளும் என்று பயந்தவள் போல ஒரே மூச்சில் சொன்னாள்:

"எங்க கால்தான் நல்ல கால். ஜெர்மனியில இதுமாதிரி கிடைக்காது. எங்கயும் கிடைக்காது."

சொல்லி முடித்ததும் முகம் காது வரை சிவந்தது. யாராவது ஊர்க்காரர்கள் கேட்டுவிட்டார்களா என்று தன்னையறியாமல் திரும்பிப் பார்த்தாள்.

ஓயாங் முட்டையைக் கீழே வைத்தாள். லுவோ வழியாகப் பேச்சு நடந்தது.

"முந்தாநாள் பரவாயில்லன்னு சொன்னது நீங்கதானே?"

"ஆமா."

"ரெண்டே நாள்ல எப்படி நல்லதாச்சு?"

"அன்னைக்கும் நல்லதுதான். எங்க ஊர்ல நல்லா இருக்குன்னு வாய்விட்டுச் சொன்னா பீத்திக்கிறான்னு அர்த்தம். பரவாயில்லன்னு சொன்னா அதுக்கு மேல ஒண்ணு கிடையாது."

"அப்ப மோசமா இருந்தா என்ன சொல்லுவீங்க?"

போடில் யோசித்தாள். "ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

லுவோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மொழிபெயர்ப்பதற்கு முன்பே சிரித்துவிட்டு, அப்புறம் சொன்னார். ஓயாங் சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியை இன்னும் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"உங்க முதலாளி ஏன் வரல?"

"வந்தாரு. உங்களுக்குத் தண்ணி வச்சாரே, அவருதான்."

"அவரா? நான் சமையல்காரர்னு நினைச்சேன்."

"அவரு சமைச்சா நீங்க அன்னைக்கே கெளம்பியிருப்பீங்க."

இந்த முறை ஓயாங்கின் உதட்டோரம் லேசாக அசைந்தது. தேநீரைக் கொஞ்சம் குடித்தாள்.

"நான் பதினாறு வயசுல கையுறை தைச்சேன்" என்றாள். "ஹாம்பர்க்லேருந்து ஒருத்தர் வாங்க வருவாரு. எங்களை வாசல்ல வரிசையா நிக்க வச்சுக் கை தட்டச் சொல்லுவாங்க. எங்க மேலாளர், உலகத்துலயே இதுதான் சிறந்த கையுறைன்னு சொல்லுவாரு. அந்த ஆளு கையுறையை உள்பக்கம் வெளியே திருப்பிப் பாத்துட்டு மேஜை மேல எறிவாரு. நாங்க பிரிச்சு மறுபடியும் தைப்போம். எனக்கு அவர் மேல கோவம் இல்ல. வாங்கறவன் திருப்பித்தான் பாப்பான். இப்ப நான் வாங்கறேன்."

"பாத்தீங்களே. எறியலையே" என்றாள் போடில்.

லுவோ மொழிபெயர்க்கக் கொஞ்சம் தயங்கினார். ஓயாங் அவரைப் பார்த்தாள், அவர் சொன்னார்.

"இல்ல, எறியல. சுத்தமாத்தான் இருந்தது. புகழ்ச்சியை விடுங்க, எனக்கு ஒண்ணு தெரியணும். அடுத்த வருஷம் எங்க வசந்த விழா, அதான் எங்க வருஷப் பிறப்பு, பிப்ரவரி பாதிக்கு மேல வருது. விழாவுக்கு முன்னாடி எங்க ஊர்ல காலுக்கு அடிதடி. கப்பல் வந்து சேர ஆறேழு வாரம் ஆகும், அதனால கடைசிக் கண்டெய்னர் உங்க புது வருஷத்துக்குள்ள கப்பல் ஏறணும். உங்க கிறிஸ்துமஸ் வாரம் முழுக்க பட்டை ஓடணும். ஓடுமா? ஜெர்மனிக்காரங்க ஃபோன்ல, யோசிச்சுச் சொல்றோம்னு சொல்லியிருக்காங்க."

கிறிஸ்துமஸுக்கும் புது வருடத்துக்கும் நடுவில் ஸ்டோர்பெக்கில் யாரும் எதையும் செய்வதில்லை. அது சட்டத்தில் எழுதாத சட்டம்.

"கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

"முதலாளியையா?"

"இல்ல. எல்லாரையும்."

ஓயாங் லுவோவைப் பார்த்தாள், சரியாகத்தான் மொழிபெயர்த்தாரா என்பது போல. "எழுபது பேரையா? எப்பக் கேட்டு, எப்பச் சொல்லுவீங்க?"

"மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள. அதுவரைக்கும் ஜெர்மனிக்குப் போகாதீங்க."

ஓயாங் கடிகாரத்தைப் பார்த்தாள். "பன்னெண்டு மணி" என்றாள்.

கூட்டம் கான்டீனில் நடந்தது. காபிக் குடுவைக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. போடில் சன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டு, ஓட்டலில் நடந்ததை வரிசையாகச் சொன்னாள். கிறிஸ்துமஸ் வாரம் என்ற சொல் வந்ததும் அறை கொதித்தது.

"சீனாக்காரன் பண்டிகைக்கு நம்ம பண்டிகையைக் காவு குடுக்கணுமா?" என்று ஐனர் எழுந்தான். "வாத்து அடுப்புல இருக்கும், நான் இங்க குளம்பு சுரண்டிட்டு இருப்பேனா? நல்லா இருக்கே நியாயம்!"

"உன் வாத்தை உன் பொண்டாட்டிதானே சுடுறா, நீ என்ன அடுப்புக்குக் காவலா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"வாயை மூடு. இன்னைக்குக் கிறிஸ்துமஸ் கேப்பாங்க, நாளைக்கு ஞாயித்துக்கிழமை கேப்பாங்க. ஒருதடவை வளைஞ்சா முதுகு நிமிராது. சொல்லு போடில், இவங்க யாரு நமக்கு நாள் குறிக்க?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஊற்றுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை.

"வாங்கறவங்க" என்றாள் போடில். "எங்கம்மா பேக்கன் பிரிவுல இருந்தா. உங்கம்மாவும்தான், ஐனர். இங்கிலாந்துக் கப்பலுக்காக எத்தனை ஈஸ்டர் ரெண்டு பேரும் உப்புத் தொட்டியில கை வச்சுட்டு நின்னாங்க? அதை நாம யாரும் அடிமைத்தனம்னு சொல்லல. இங்கிலீஷ்காரன் பேக்கன்னு பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சோம். அவன் கேட்டா பெருமை, இவங்க கேட்டா அவமானமா?"

"அது வேற" என்றான் ஐனர்.

"என்ன வேற?"

"அவங்க பக்கத்துல இருந்தாங்க" என்றான் ஐனர். சிலர் சிரித்தார்கள்.

"உலகம் நகந்துருச்சு" என்றாள் போடில். "நம்மளை யாரும் கேட்டு நகரல. சாப்பிடறவன் இப்ப அங்க இருக்கான். நான் சும்மா தலையாட்டச் சொல்லல. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளும் கிறிஸ்துமஸ் அன்னைக்கும் பட்டை நிக்கணும், மத்த நாளுக்கு ரெட்டைச் சம்பளம், விருப்பப்பட்டவங்க மட்டும், ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது. இதைத்தான் சொல்லப்போறேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க, அதையும் நானே போய்ச் சொல்றேன். ஆனா வசந்தத்துல கதவு மூடும்போது யாரும் என்கிட்ட வந்து அழக்கூடாது."

அவ்வளவு நீளமாக அவள் பேசி அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. ஹலினாதான் முதலில் கையைத் தூக்கினாள். பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுந்தன. எண்ணிப் பார்த்ததில் வேண்டும் என்பதற்கு ஐந்து கை அதிகம். ஐனர் கையைத் தூக்கவில்லை.

பன்னிரண்டு அடிக்க இன்னும் கொஞ்சம் இருக்கும்போது பிரெபனின் அறையிலிருந்து போடிலே ஃபோன் செய்தாள். நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தப் பக்கம் லுவோவின் குரல், ஓயாங்கின் குரல், மறுபடி லுவோ. "ரெண்டு நாள் பட்டை நின்னா கண்டெய்னர் தேதி பிடிக்குமான்னு கேக்குறாங்க."

"பிடிக்கும்."

"நிச்சயமான்னு கேக்குறாங்க."

போடில் பிரெபனைப் பார்த்தாள். அவன் வாயசைத்து, 'முயற்சி பண்றோம்னு சொல்லு' என்றான். அவள் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "நிச்சயம்" என்றாள்.

ஓயாங் அன்றே ஜெர்மனிக்குப் போகத்தான் செய்தாள். இரண்டையும் பார்க்காமல் முடிவு செய்கிற ஆளில்லை அவள். பத்து நாள் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு ஒப்பந்தம் ஸ்டோர்பெக்குக்கு வந்தது, ஒரு வருடத்துக்கு. விலை ஓயாங் சொன்ன விலை. தலைமை அலுவலகம் கேட்டது கிடைக்கவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸில் இரண்டு நாள் பட்டை நின்றது. மூன்றாம் நாள் விடியாத நேரத்தில் போடில் கதவைத் திறந்து விளக்கைப் போட்டபோது, ஐனர் ஏற்கெனவே ஏப்ரன் கட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தான்.

"நீ எதிர்த்தவனாச்சே?" என்றாள்.

"எதிர்த்தேன். தோத்தேன். ஜெயிச்சவங்கள்ல பாதிப்பேரு இன்னும் போர்வைக்குள்ள இருப்பாங்க, நீ எப்படிக் கண்டெய்னரை ரொப்புவ?" கத்தியைச் சாணைக்கோலில் உரசினான். "ரெட்டைச் சம்பளம்தானே? சொன்னபடி வரணும்."

கடைசிக் கண்டெய்னர் வருடத்தின் கடைசி நாளுக்கு முந்தின நாள் கிளம்பியது. அன்று வீட்டுக்குப் போனதும் வெர்னர் மிஞ்சிய வாத்தைச் சூடுபடுத்தி வைத்திருந்தான், ஓரமெல்லாம் கருகிப்போய். போடில் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து எலும்பு வரை சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகும் எதுவும் நிரந்தரமாகிவிடவில்லை. ஓயாங்கின் நிறுவனம் தன் நாட்டிலேயே பல மாடி உயரத்துக்குப் பன்றிப் பண்ணைகள் கட்டிக்கொண்டது. அவர்கள் வாங்குவது பாதியாகக் குறைந்தது. போடில் பிரெபனை இழுத்துக்கொண்டு, வியட்நாமிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் கால் வாங்க வந்தவர்களை வாசலிலேயே போய் வரவேற்றாள். அவர்களுக்குச் சூடான சாப்பாடு, மேஜையின் தலைப்பக்கத்தில் பிரெபன், கழுத்தில் டை. டை அவனுக்குப் பொருந்தவில்லை என்று ஆலையே சொன்னது.

இன்று ஸ்டோர்பெக்கில் பேக்கன் பிரிவு இல்லை, அந்தக் கூடத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கிறார்கள். கால் பிரிவு இருக்கிறது. ஐம்பத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள், பாதிக்கு மேல் வெளியூரிலிருந்து வந்தவர்கள். ஒப்பந்தங்கள் மூன்று நாடுகளோடு, ஒவ்வொன்றும் ஒரு வருடத்துக்குத்தான். வசந்த விழா எப்போது வருகிறது என்று பார்த்துக் கிறிஸ்துமஸ் வாரத்தில் பட்டை ஓடுகிறது, ஒவ்வொரு வருடமும் கை தூக்கிக் கேட்டபிறகு. போடிலுக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. பிரதிநிதியாக அவளே இருக்கிறாள்.